வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டிய மாலுமி யார்? புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறுகிறது

வகுப்பறை எழுதியது:

வணக்கம். பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். இப்போது கடல் பயணங்கள் பாடம் போய்க்கொண்டிருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மலிந்தி வரை வந்தார், அதற்கு மேல் வழி தெரியவில்லை, மலிந்தி மன்னர் ஒரு மாலுமியைக் கூட அனுப்பினார், அவர்தான் அரபிக்கடலைத் தாண்டிக் கோழிக்கோட்டில் கொண்டுவந்து சேர்த்தார். இவ்வளவும் சொல்லி முடித்தேன். "அவர் பெயர் என்ன டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

தேடியதில் குழப்பம்தான் மிச்சம். ஒரு புத்தகத்தில் அகமது இப்னு மாஜித், அரபு மாலுமிகளில் தலைசிறந்தவர் என்று இருக்கிறது. இன்னொன்றில் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம். மூன்றாவதில் அவர் ஒரு கிறிஸ்தவர். இணையத்தில் பார்த்தால் குஜராத்தி இந்து என்று அடித்துச் சொல்கிறார்கள். நான்கு பேருமே சந்தேகம் துளியும் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வரலாறே ஜெயித்தவன் எழுதினதுதானே, அதில் எது நிஜம் என்று ஏன் தேடுகிறீர்கள்?" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. எல்லாமே கதை என்றால் நான் தினமும் வகுப்பில் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? ஆனால் அவருக்குத் திருப்பிச் சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த மாலுமியைப் பற்றி உறுதியாக எவ்வளவு சொல்லலாம்? அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

---

பழைய_ஏடு எழுதியது:

டீச்சர், அந்த மாணவி கேட்டது நல்ல கேள்வி. பல ஆண்டுகளாக இந்தப் பயணக் குறிப்புகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யார் சொல்வது சரி என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். யார் எப்போது எழுதினார்கள் என்று ஆண்டு வரிசையில் முதலில் அடுக்குங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

மிகப் பழையது, பயணத்தில் கூடவே வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. ஆல்வரோ வேல்யோ என்று சொல்வது ஆய்வாளர்களின் ஊகம். மூலப் பிரதி கிடைக்கவில்லை, ஒரு பழைய நகல் போர்த்துகலின் போர்த்தோ நகர நூலகத்தில் இருக்கிறது, 1838-இல்தான் அச்சானது. மாலுமி வந்த கதை அதில் இப்படி இருக்கிறது: மலிந்தியில் இரண்டு நாளாக யாரும் கப்பல் பக்கம் வரவில்லை. ஏப்ரல் 22 அன்று மன்னரின் நம்பிக்கைக்குரிய ஆள் ஒருவர் படகில் வருகிறார். காமா அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொன்னபடி மாலுமியை அனுப்புங்கள் என்று சொல்லியனுப்புகிறார். மன்னர் ஒரு 'கிறிஸ்தவ மாலுமி'யை அனுப்புகிறார், பிடித்து வைத்த ஆளை விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 24 அன்று பாய் விரிக்கிறார்கள். மாலுமிக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது.

நீங்கள் வகுப்பில் சொன்ன "மன்னர் அனுப்பினார்" என்ற வரியைக் கவனியுங்கள். ஆள் பிடித்து வைத்து வாங்கிய உதவி அது. கூட இருந்தவரே அதை மறைக்காமல் எழுதிவிட்டார். பிற்காலத்துப் புத்தகங்கள்தான் அதைச் சுருக்கிச் சுருக்கி நட்பாக்கிவிட்டன.

அடுத்து, ஐம்பது வருடம் தாண்டி இரண்டு போர்த்துகீசிய வரலாறுகள் வருகின்றன. 1551-இல் காஸ்தன்யேடா, 1552-இல் பர்ரோஸ். காஸ்தன்யேடா இந்தியாவில் பத்து வருடம் போல இருந்தவர். பர்ரோஸ் இந்தியாவுக்கே வராதவர், ஆனால் லிஸ்பனில் இந்திய வணிகத்தைக் கவனித்த அரசு அலுவலகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர், காகிதங்கள் எல்லாம் அவர் கைக்கு வரும். இருவருமே மாலுமி குஜராத்தி என்கிறார்கள். பர்ரோஸ் அவரை முஸ்லிம் என்கிறார், 'மலேமோ கானா' என்று ஒரு பெயரும் தருகிறார், ஒரு காட்சியும் தருகிறார்: காமா தன்னிடம் இருந்த பெரிய மர அஸ்ட்ரோலேபை (சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவி) காட்டுகிறார், மாலுமி அசரவே இல்லை, செங்கடல் மாலுமிகள் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்துவது உண்டு என்கிறார், தன்னுடைய பலகைக் கருவியை எடுத்துக் காட்டுகிறார். அழகான காட்சி. நாட்குறிப்பில் அது இல்லை.

அதற்கும் பிறகு, 1570-களில் மெக்காவில் இருந்த குத்புத்தீன் நஹ்ரவாலி என்ற அறிஞர், துருக்கியை ஆண்ட உஸ்மானியர் ஏமனைக் கைப்பற்றிய வரலாற்றை அரபு மொழியில் எழுதுகிறார். இப்னு மாஜித் பெயர் இங்கேதான் முதலில் வருகிறது. பரங்கியர் தலைவன் அவரோடு பழகிக் குடிக்க வைத்தான், போதையில் அவர் வழியைச் சொல்லிவிட்டார் என்று எழுதுகிறார். நடந்து எழுபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஃபெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1920-களில் இந்த வரியை எடுத்து, நிஜமான இப்னு மாஜிதின் கடல் நூல்களோடு இணைத்தார். நம் பாடப் புத்தகங்களுக்கு வந்தது அந்த வழியில்தான்.

இந்த வரிசையில் ஒன்று கண்ணில் படும். சம்பவத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக மாலுமி வளர்கிறார். முதலில் பெயரே இல்லாதவர், பிறகு ஊர், பெயர், கையில் ஒரு கருவி, கடைசியில் உலகப் புகழ், கூடவே ஒரு குற்றம். ஏமன் வெற்றியை உஸ்மானியருக்காக எழுதுகிறவருக்கு, பரங்கியர் இந்தக் கடலுக்குள் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. பெரிய மாலுமி ஒருவரின் சறுக்கல் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்னு மாஜித் தன் பெரிய நூலை 1490 வாக்கில் முடித்தவர், 1498-இல் வயதானவர். தன்னைப் பற்றிப் பெருமையோடு பேசத் தயங்காதவர். அவர் எழுதியவற்றில் காமாவுக்கு வழிகாட்டியதாக ஒரு வரியும் இல்லை. ஆகவே இப்னு மாஜித் என்று சொல்லாதீர்கள். அதற்கு ஆதாரம் மிக மெலிது.

சரி, 'கிறிஸ்தவர்' என்று கூடவே வந்தவரே சொல்கிறாரே, அதை எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அந்த ஆள் யாரையெல்லாம் கிறிஸ்தவர் என்கிறார் என்று நாட்குறிப்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். மலிந்தித் துறையில் 'இந்தியக் கிறிஸ்தவர்' கப்பல்கள் நான்கைப் பார்க்கிறார். அவர்கள் கப்பலேறி வந்தபோது மாதா படம் ஒன்றைக் காட்டுகிறார்கள், வந்தவர்கள் விழுந்து கும்பிடுகிறார்கள். அடுத்த சில வரிகளில் எழுதுகிறார்: நீண்ட தாடி, பின்னிய நீள முடி, உடம்பில் துணி கொஞ்சம், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

கோழிக்கோட்டில் இன்னும் விரிவாக இருக்கிறது. ஒரு 'தேவாலயத்துக்கு'ப் போனோம் என்கிறார். கொடிமரம் போன்ற வெண்கலத் தூண், உச்சியில் ஒரு பறவை. வாசலில் ஏழு சின்ன மணிகள். உள்ளே ஒரு சிறு கருவறை, ஒருவர் நுழையும் அளவுக்கு வெண்கலக் கதவு. அர்ச்சகர்கள் தோளில் குறுக்கே நூல் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள், பூசிக்கொள்ள வெள்ளையாக ஒன்றைக் கொடுக்கிறார்கள். சுவரில் 'புனிதர்கள்', அவர்களுக்குப் பல் ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நாலைந்து கைகள் இருக்கின்றன. காமாவும் மற்றவர்களும் அங்கே பிரார்த்தனை செய்கிறார்கள்.

எந்தக் கோயிலை விவரிக்கிறார் என்று நம் வாசகர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் கண்ணில் பிழை இல்லை, பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் தப்பு. முஸ்லிம் அல்லாதவர் எல்லோரும் கிறிஸ்தவர் என்ற நம்பிக்கையோடு லிஸ்பனில் இருந்து கிளம்பியவர் அவர். ஆகவே 'கிறிஸ்தவ மாலுமி' என்பதை 'எங்களுக்கு முஸ்லிமாகத் தெரியாதவர்' என்று படிப்பதுதான் பாதுகாப்பு. அதோடு பிந்தைய இருவரின் 'குஜராத்தி'யைச் சேர்த்தால், குஜராத்தோடு தொடர்புள்ள அனுபவசாலி ஒருவர் என்ற அளவில் என்னால் நிற்க முடிகிறது. மதம் என்ன என்பதில் நாட்குறிப்பும் பர்ரோஸும் முட்டிக்கொள்கின்றன. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம்.

இன்னொன்று. அந்தக் கோயிலில் மண்டியிட்டபோது ஜுவாவ் த சா என்பவர், "இவை பேய்களாக இருந்தாலும் நான் வணங்குவது உண்மையான கடவுளையே" என்று சொன்னதாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது காஸ்தன்யேடாவில் வருவது. நாட்குறிப்பில் கிடையாது. 1551-இல் அது தேவாலயம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது வாசிக்கிறவர்களுக்கு, அன்றே ஒருவருக்காவது சந்தேகம் வந்திருந்தால் மனசு ஆறும்.

உங்கள் சக ஆசிரியருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எல்லாமே கதை என்றால், தனக்கு எதிரான சாட்சியத்தை அந்த மனிதர் ஏன் எழுதினார்? மாட்டிறைச்சி வரியை அவர் எந்த நோக்கத்துக்காகவும் எழுதவில்லை. கேட்டார், எழுதினார். எழுதியவருக்கே அர்த்தம் தெரியாமல் விழுந்த வரிகள்தான் நமக்குப் பிடிமானம்.

---

மேல்தளம் எழுதியது:

கப்பலில் டெக் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். லாக் புக், அதாவது கப்பலின் தினசரிப் பதிவேடு, எழுதியே வாழ்க்கை போனது. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மாலுமி யார் என்பதைவிட, எந்தத் தேதியில் கிளப்பினார் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏப்ரல் 24. தென்மேற்குக் காற்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் எழும்பத் தொடங்கிவிட்ட நேரம், அதே சமயம் மலபார்த் துறைகள் மழையிலும் அலையிலும் அடைபடுவதற்கு முந்திய நேரம். இடைவெளி சின்னது. நாட்குறிப்பின்படி ஏப்ரல் 29-இல் வெகு நாளைக்குப் பிறகு துருவ நட்சத்திரத்தை மறுபடி பார்க்கிறார்கள், பூமத்திய ரேகைக்கு வடக்கே வந்தாயிற்று என்று அர்த்தம். 23 நாள் கரையே கண்ணில் படாமல் ஓடி, மே 18-இல் உயர்ந்த மலை தெரிகிறது. மழை கொட்டியதால் மாலுமிக்கு இடம் பிடிபடவில்லை. மே 20-இல்தான் இது கோழிக்கோட்டுக்கு மேலே இருக்கும் மலை என்கிறார். அப்போதும் பக்கத்து ஊரான காப்பாட்டைக் கோழிக்கோடு என்று எடுத்துக்கொண்டு இரண்டு லீக் (பழைய கடல் தூர அளவு) தள்ளி நங்கூரம் போட வைத்துவிட்டார். இதை வைத்து அவர் இப்னு மாஜித் இல்லை என்று வாதிட மாட்டேன். அந்த மழையில் யாருக்கும் கரை ஏமாற்றும்.

திரும்பிப் போனதைப் பாருங்கள். கோழிக்கோட்டில் சுங்கப் பாக்கி என்று 600 செராபின் நாணயம் கேட்டு, சரக்கைத் தடுத்து, ஆளுக்கு ஆள் பிணைக்கைதி பிடித்து, சண்டையோடு ஆகஸ்ட் 29-இல் கிளம்புகிறார்கள். கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவில் நின்றுவிட்டு அக்டோபர் 5-இல் கடலில் இறங்குகிறார்கள். வடகிழக்குக் காற்று ஒழுங்காகப் பிடிக்காத நேரம். ஒரு நாள் காற்றே இல்லை, ஒரு நாள் எதிர்க்காற்று. 1499 ஜனவரி 2-இல்தான் ஆப்பிரிக்கக் கரையில் மொகதிஷு கண்ணில் படுகிறது. மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு. ஈறு வீங்கி 30 பேர் இந்தக் கடப்பில் மட்டும் செத்தார்கள், அதற்கு முன்பே அதே அளவு போய்விட்டார்கள். ஒரு கப்பலுக்கு வேலை செய்யக்கூடிய ஆள் ஏழெட்டுப் பேர்தான். ஆள் பற்றாமல் சாவ் ரஃபேல் கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள்.

அதே கடல், அதே கப்பல்கள். போகும்போது 23 நாள், திரும்பும்போது 89 நாள். இந்தக் கடலில் அறிவு யாரிடம் இருந்தது என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும். எழுதியவர் அதைச் சொல்ல நினைத்தாரா என்பது வேறு விஷயம். டீச்சர், இந்த இரண்டு எண்ணைக் கரும்பலகையில் எழுதி, காற்றுப் படத்தைப் பக்கத்தில் மாட்டுங்கள். ஜெயித்தவன் எழுதினான் என்பவர்களுக்கு ஒரு சேதி: லாக் புக்கில் தேதியை மாற்ற முடியும், ஆனால் மாற்றினால் அடுத்தடுத்த நாள் எல்லாம் உதைக்கும்.

---

இன்னொரு_கரை எழுதியது:

இருவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வருத்தம். நாட்குறிப்பு போர்த்துகீசியர், காஸ்தன்யேடா போர்த்துகீசியர், பர்ரோஸ் போர்த்துகீசியர். அரபு மொழியில் எழுதியவர் ஒருவர் வந்தார், அவரையும் நம்பாதே என்கிறீர்கள். மலபாரில் இருந்தவர்கள் வாயே திறக்கவில்லையா?

திறந்திருக்கிறார்கள். பொன்னானியைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் 1580-களில் அரபு மொழியில் ஒரு வரலாறு எழுதினார். அதில் 1498 வருகை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. உலக வரலாற்றையே இரண்டாகப் பிரித்த நாள் என்று நாம் படித்தது, இந்தக் கரையில் இருந்தவருக்கு ஒரு சின்னக் குறிப்பு. அவர் பக்கம் பக்கமாக எழுதுவது அதற்குப் பிறகு நடந்தவற்றை: கப்பல் எரிப்பு, பள்ளிவாசல் இடிப்பு, ஹஜ் பயணத்தைத் தடுத்தது. எது பெரிய சம்பவம் என்று முடிவு செய்வதே வரலாறு எழுதுவதில் பாதி. அந்தப் பாதியை நாம் லிஸ்பனிடம் விட்டுவிட்டோம். பாடத்தின் தலைப்பே 'கடல்வழி கண்டுபிடிப்பு'. நூற்றாண்டுகளாகக் கப்பல் போய்க்கொண்டிருந்த வழி அது!

---

பழைய_ஏடு எழுதியது:

கடைசி வரிகளில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மக்தூமைச் சேர்க்காமல் இந்தப் பாடம் முழுமையாகாது.

ஆனால் அவரையும் அதே கேள்விகளோடுதான் படிக்க வேண்டும். அந்த நூலை அவர் பிஜப்பூர் சுல்தானுக்குக் காணிக்கையாக்கினார். பரங்கியரை எதிர்த்துப் போரிட வாருங்கள் என்று அழைக்கிற நூல் அது. கொடுமைகளை அடுக்குவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அதனால் பொய் என்று ஆகிவிடாது. அதைச் சரிபார்க்க எதிர்த்தரப்புச் சாட்சியே கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

1502-இல் காமாவின் இரண்டாம் பயணம். மெக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய 'மீரி' என்ற கப்பலை மலபார்க் கடலில் மறித்துத் தீ வைத்தார்கள். இதை விரிவாக எழுதியவர் தொமே லோபஸ், அதே படையில் ஒரு கப்பலில் இருந்த எழுத்தர். பெண்கள் தங்கள் நகைகளைக் கையில் தூக்கிக் காட்டினார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கருணை கேட்டார்கள், தளபதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுகிறார். 1502 அக்டோபர் 3 என்று தேதி போட்டு, வாழ்நாள் முழுக்க இந்த நாள் எனக்கு நினைவிருக்கும் என்கிறார். கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஏடுகள் ஒத்துப்போகவில்லை. பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதும் தீ வைத்தது காமாதான் என்பதும் அசைக்க முடியாதவை.

ஆகவே 'ஜெயித்தவன் எழுதியது' என்ற வாக்கியத்தோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. ஜெயித்த கூட்டத்தில் இருந்தும் ஒரு லோபஸ் எழுதினார். தரப்பைப் பார்த்து ஏட்டைத் தூக்கிப் போட்டால், மீரி கப்பலில் இருந்தவர்களுக்காகப் பேசும் நேரடிச் சாட்சியை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

---

கல்லெழுத்து எழுதியது:

டீச்சர், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய ஓர் உதாரணமும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தமிழும் இருக்கிறது.

சீனத் தளபதி செங் ஹ 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் பயணங்கள் நடத்தியவர். 1409 என்று தேதியிட்ட அவருடைய கல்வெட்டு ஒன்று இலங்கையின் காலியில் 1911-இல் கிடைத்தது, சாக்கடை மேல் மூடியாகக் கிடந்ததாம். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு (விஷ்ணுவின் வடிவம்), பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு. காணிக்கைப் பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 100 என்று போகிறது. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் துறைமுகத்தில் உள்ள எல்லோரிடமும் பேசப் பார்த்திருக்கிறார்கள்.

கல்லை மட்டும் படித்தால் சமாதானப் பயணம். ஆனால் 1411-க்குள் அதே செங் ஹ இலங்கை மன்னர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார். சீனாவை அப்போது ஆண்ட மிங் அரசின் ஏடுகள், மன்னர் சூழ்ச்சி செய்து கப்பல்களைத் தாக்க வந்தார் என்கின்றன. இலங்கையின் ராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல், பரிசு கொண்டுவருவதாகச் சொல்லி வந்து சீனர்கள் வஞ்சகமாக மன்னரைப் பிடித்தார்கள் என்கிறது, பிடிபட்ட மன்னருக்கு வேறு பெயரும் சொல்கிறது. ராஜாவலிய வெகு காலத்துக்குப் பின் தொகுக்கப்பட்டது. இரு தரப்பும் மற்றவர் சூழ்ச்சி என்கிறார்கள். மன்னர் பிடிபட்டார் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அந்தப் பொதுவான இடத்தில் இருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

---

வகுப்பறை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் செய்யப் போவது இதுதான். நாட்குறிப்பு, பர்ரோஸ், நஹ்ரவாலி, பாடப் புத்தகம் நான்கில் இருந்தும் மாலுமி பற்றிய வரிகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஆண்டு போடாமல் குழுக்களுக்குக் கொடுக்கிறேன். எது முதலில் எழுதப்பட்டிருக்கும், ஏன் என்று அவர்களே அடுக்கட்டும். பிறகு ஆண்டைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் 23-உம் 89-உம். மக்தூமும் லோபஸும் பக்கத்தில் பக்கத்தில். அந்த மாணவிக்கு நேர்மையாகச் சொல்ல எனக்கு இப்போது பதில் இருக்கிறது.

அடுத்த பாடம் கொலம்பஸ். அவரே எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு என்று நினைக்கலாமா?

---

பழைய_ஏடு எழுதியது:

குறைவு இல்லை டீச்சர், அங்கே இன்னும் அதிகம். கொலம்பஸ் எழுதிய மூலமும் இல்லை, அரசிக்காக எடுத்த நகலும் இல்லை. நம்மிடம் இருப்பது லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் பல வருடம் கழித்து எடுத்த சுருக்கம். அந்தச் சுருக்கமும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அச்சாகாமல் கிடந்தது, 1790 வாக்கில் நவரெத்தே என்ற ஸ்பானிய அறிஞர் கண்டெடுத்து 1825-இல் வெளியிட்டார். வேறொருவர் எடுத்த சுருக்கம் என்பதால்தான் பல இடங்களில் 'அட்மிரல் (கொலம்பஸ்) சொல்கிறார்' என்று படர்க்கையில் வருகிறது. எங்கே கொலம்பஸ் பேசுகிறார், எங்கே பாதிரியார் பேசுகிறார் என்பதை வரிக்கு வரி பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம், மேல்தளம் ஐயாவுக்கும் பிடிக்கும். 1492 செப்டம்பர் 10: அன்று 60 லீக் ஓடினார்கள், ஆனால் ஆட்கள் பயப்படக்கூடாது என்று 48 என்றே கணக்குச் சொன்னார் என்று இருக்கிறது. கொலம்பஸ் தன் ஆட்களை ஏமாற்றிய கதை இதிலிருந்துதான் பிறந்தது. சில ஆய்வாளர்கள் வேறு விதமாகப் படிக்கிறார்கள்: இரண்டு எண்ணும் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேறு, ஒன்று அவருக்குப் பழகியது, மற்றது கூட வந்தவர்களுக்குப் பழகியது. கடலோடி அல்லாத லாஸ் காசாஸ் அதைத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் பொருந்துகிறது. அனுபவமுள்ள மாலுமிகள் மற்ற கப்பல்களிலும் இருந்தார்கள், அவரவர் கணக்கு அவரவரிடம் இருந்தது, தினமும் ஏமாற்றுவது நடக்கிற காரியம் இல்லை.

உலகம் தட்டை என்று நம்பியவர்களை எதிர்த்துக் கிளம்பினார் என்பதைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பரப்பியதில் வாஷிங்டன் இர்விங் 1828-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரிய பங்கு. அன்று படித்தவர்களுக்குப் பூமி உருண்டை என்பது தெரியும். சண்டை முழுக்க மேற்கே போனால் ஆசியா எவ்வளவு தூரம் என்பதைப் பற்றியது, அதில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம்.

குழுக்களுக்குச் சீட்டுக் கொடுப்பது நல்ல யோசனை. கொலம்பஸுக்கு இதைக் கொடுங்கள். முதலில் கரையைப் பார்ப்பவருக்கு வருடத்துக்கு 10,000 மரவேடி (ஸ்பானிய நாணயம்) என்று அரசு அறிவித்திருந்தது. அக்டோபர் 12 அதிகாலை இரண்டு மணிக்கு ரொட்ரிகோ த திரியானா என்ற மாலுமி கரையைப் பார்த்துக் கத்துகிறார். ஆனால் முந்தின இரவு பத்து மணிக்கே நான் ஓர் ஒளியைப் பார்த்தேன் என்கிறார் கொலம்பஸ். பேரோ குத்தியேரஸைக் கூப்பிட்டேன், அவரும் பார்த்தார். செகோவியாவின் ரொட்ரிகோ சான்செஸையும் கூப்பிட்டேன், அவர் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. நாட்குறிப்பில் இருப்பதன் சாரம் இது. பணம் கொலம்பஸுக்குப் போனது. அந்தப் பத்தியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒளியைப் பார்த்தது யார், எழுதியது யார், பரிசு வாங்கியது யார், சான்செஸ் பெயரை ஏன் விடாமல் எழுதினார் என்று கேளுங்கள்.